பகலில் கடிக்கும் கொசு யாருடையது?

கொங்கு மண்டலத்து நகரொன்றின் புறநகரில் வசிக்கும் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. எட்டு சென்ட் மனையில் வீடு. சுற்றிலும் இரண்டு தென்னை, ஒரு முருங்கை, சில வாழைகள், செம்பருத்தி வேலி, சிமெண்ட் தொட்டியில் அல்லி. குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்பதால் பின்கட்டில் நான்கு டிரம்களில் பிடித்து வைக்கிறார்கள். சென்ற ஆண்டு கார்த்திகை மாதம் ஒன்பது வயது மகன் டெங்குக் காய்ச்சலால் மருத்துவமனையில் படுத்து மீண்டான். உடன் வசிக்கும் மாமியாருக்கு ஆஸ்துமா. பக்கத்து மனை பல ஆண்டுகளாகக் காலியாகக் கிடக்கிறது. புதர் மண்டி, தெருவின் கழிவுநீரும் அதில் தேங்கி நிற்கிறது. டெங்கு அங்கிருந்துதான் வந்தது என்பதில் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகமில்லை.

மழைக்காலம் நெருங்குவதால், மாதம் இருமுறை தோட்டத்தில் புகை மருந்து அடிக்க ஒரு தனியார் நிறுவனத்தோடு ஆண்டு ஒப்பந்தம் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். வாழையையும் வேலியையும் வெட்டிவிடவும் யோசிக்கிறார். நீல விளக்கில் பூச்சியை இழுத்துக் கொல்லும் கருவியை வாங்கச் சொல்கிறார் தம்பி. கடிதம் எழுதியவர் நொச்சியும் எலுமிச்சைப்புல்லும் நட்டிருக்கிறார். அல்லித் தொட்டியில் சில முறை மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறார். இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது, பக்கத்து மனைக்காரரைச் சட்டப்படி கேட்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் இரண்டு செய்திகளே எனக்கு மிக முக்கியமாகப் பட்டன. பிள்ளைகளை முதன்மையாகக் கடிப்பது, காலையில் பள்ளிக்குக் கிளம்பும் வேளையிலும், மாலை நான்கு மணிக்கு மேல் படிப்பு மேசைக்கு அடியிலும், அதுவும் கணுக்காலில் என்று எழுதியிருக்கிறீர்கள். டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது புழுக்கள் சட்டென்று அடியில் போய் ஒளிந்துகொண்டு வெகுநேரம் கழித்தே மேலே வந்தன என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டும் ஏடிஸ் எஜிப்தி என்னும் டெங்குக் கொசுவின் குணங்கள். அது பகலில் கடிப்பது. கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் இருட்டில் அமர்ந்திருப்பது. சாக்கடையில் அல்லாமல், ஓரளவு தெளிந்த நீர் நிற்கும் தொட்டி, டிரம், டயர், கொட்டாங்குச்சி போன்றவற்றில் முட்டையிடுவது. பெரும்பாலும் தான் பிறந்த வீட்டையும் அக்கம்பக்கத்து வீடுகளையும் சுற்றியே அது வாழ்ந்து முடித்துவிடுகிறது. சில நூறு மீட்டருக்கு அப்பால் போவது அரிது.

இரவில் காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பதாக நீங்கள் எழுதியிருப்பது வேறு கொசு. அது க்யூலெக்ஸ், கழிவுநீரில் பெருகுவது, ஏடிஸைவிடத் தொலைவு பறப்பது, யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது. பக்கத்து மனையின் கழிவுநீர் உங்கள் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதைத்தான். ஆகவே, மகனுக்கு டெங்கு அந்தச் சாக்கடை நீரிலிருந்து வந்தது என்ற உங்கள் முடிவை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் குறிப்பிட்ட கொசு அவனை வீட்டில் கடித்ததா, பள்ளியில் கடித்ததா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இன்று உங்கள் பின்கட்டு டிரம்களில் வளர்ந்துகொண்டிருப்பது டெங்குவைப் பரப்பவல்ல கொசு என்பதை நீங்கள் எழுதியிருப்பதிலிருந்தே சொல்ல முடியும். உங்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில் பிடித்து வைக்காமல் யாரும் குடும்பம் நடத்த முடியாது.

டிரம்மில் நடப்பது என்ன

பெண் ஏடிஸ் முட்டைகளைத் தண்ணீரின் மேல் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் சுவரில் ஒட்டி வைக்கிறது. கரித்தூளைத் தூவினாற்போல் கறுப்பாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் அவை இருக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் சாவதில்லை. பல மாதங்கள் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பொரித்ததிலிருந்து நான்கைந்து நாள் புழு, இரண்டு நாள் கூட்டுப்புழு. நம் ஊர் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாளுக்குள் கொசுவாகிப் பறந்துவிடும்.

இப்போது உங்கள் வீட்டு வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். வாரக் கடைசியில் டிரம்மில் கால் பங்குத் தண்ணீர் மிச்சமிருக்கிறது. குழாயில் தண்ணீர் வந்ததும், மிச்சத்தின் மேலேயே புதுத் தண்ணீரைப் பிடிக்கிறீர்கள். நீர்மட்டம் ஏறி, சுவரில் ஒட்டியிருந்த முட்டைகளையெல்லாம் நனைக்கிறது. கொசுவை ஒழிக்க வேண்டிய நாளே அதன் முட்டைகள் பொரிக்கும் நாளாக ஆகிவிடுகிறது.

இதை மாற்றுவதற்குச் செலவு இல்லை. தண்ணீர் வரும் நாளன்று காலையில் மிச்சத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, டிரம்மின் உட்சுவரை, குறிப்பாக மேல் விளிம்பை ஒட்டிய பகுதியை, பிளீச்சிங் பவுடரும் தேங்காய் நாரும் கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிறகு பிடியுங்கள். வெறுமனே கவிழ்த்து வைத்தால் முட்டை போகாது, தேய்த்தால்தான் போகும். கழுவிய நீரையும் இன்னொரு பாத்திரத்தில் விடாமல் வெயில் படும் மண்ணில் கொட்டுங்கள். பிடித்து முடித்ததும், பழைய வேட்டித் துணியை விளிம்பில் இறுக்கக் கட்டுங்கள். மூடி சரியாகப் பொருந்தாத டிரம்முக்கு மூடியைவிடத் துணியே மேல். ஏனென்றால் விரல் நுழையும் இடைவெளியே கொசுவுக்குத் தாராளம். நான்கையும் ஒரே நாளில் கழுவ முடியாவிட்டால், ஒவ்வொரு டிரம்மாக முழுவதும் தீர்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். நான்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக மொள்ள வேண்டாம். தீராமல் நிற்கும் டிரம்மின் துணியை மட்டும் அவிழ்க்காதீர்கள்.

தோட்டத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெள்ளைத் தட்டு ஒன்றும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து, தண்ணீர் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் மொண்டு தட்டில் ஊற்றிப் பாருங்கள். புழு தலைகீழாகச் சாய்ந்து தொங்கி, வளைந்து நெளிந்து போனால் ஏடிஸ் அல்லது க்யூலெக்ஸ். நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்தாற்போல் கிடந்தால் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ். மொட்டை மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் இந்த மூன்றாவது இருக்கக்கூடும் என்பதால் அவற்றின் மூடியையும் பாருங்கள்.

பழைய ஆட்டுக்கல்லின் குழி, தென்னைக்கு அடியில் விழுந்து மல்லாந்து கிடக்கும் பாளை, எலி கொறித்துத் துளையிட்ட தேங்காய், பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, திறந்தே நிற்கும் இரும்புக் குழாய்க் கம்பம், தண்ணீர் மீட்டர் குழி, மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி ஆகியவை மழைக்காலத்தில் புழு வைக்கும் இடங்கள். மழைநீர்த் தொட்டி சரியாக அமைந்திருந்தால் ஓரிரு நாளில் நீரை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும். ஒரு வாரம் நின்றால் அதன் மணலும் ஜல்லியும் அடைத்துக்கொண்டன என்று பொருள். வீட்டுக்குள் குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டும், எறும்பு ஏறாமலிருக்க அலமாரிக் கால்களுக்கு அடியில் வைக்கும் தண்ணீர்க் கிண்ணங்களும் மறக்கப்படுபவை. மாமியார் பழக்கத்தை விடமாட்டார் என்றால், கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்பைப் போட்டு வையுங்கள்.

கழிவுநீர்த் தொட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடிதத்தில் நீங்கள் அதைக் குறிப்பிடவே இல்லை. செப்டிக் டேங்க்கிலிருந்து மேலே போகும் காற்றுக் குழாயின் வாய் திறந்திருந்தால், இரவுக் கொசு அதன் வழியாக உள்ளே போய் முட்டையிட்டு, நூற்றுக்கணக்கில் வெளியே வரும். பக்கத்து மனையைப் பல ஆண்டுகளாகக் குறை கூறிவந்த பல வீடுகளில், கொசு தங்கள் தலைக்கு மேலிருந்த அந்தக் குழாயிலிருந்தே வந்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். குழாயின் வாயில் நைலான் வலையைக் கட்டி, டேங்க்கின் மேல் மூடியில் விரிசல் இருந்தால் சிமெண்ட் பூசி அடைத்துவிடுங்கள்.

வாழையையும் வேலியையும் வெட்ட வேண்டியதில்லை. வாழை இலைக் காம்புகளின் இடுக்கில் சில வேளை தண்ணீர் நின்று, தோட்டக் கொசுவான ஏடிஸ் அல்போபிக்டஸ் அங்கே முட்டையிடுவதுண்டு; ஆனால் உங்கள் டிரம்களோடு ஒப்பிட்டால் அது பொருட்படுத்தத் தக்கதன்று. காய்ந்த மட்டைகளை அறுத்து, செம்பருத்தியின் அடிக்கிளைகளைக் கழித்துக் காற்றும் வெளிச்சமும் புகும்படி விட்டால் போதும். கொசு வேலியில் பிறப்பதில்லை, வெயிலுக்கு ஒதுங்குகிறது, அவ்வளவே.

புகை மருந்து ஒப்பந்தம் பற்றி

இதைப் பற்றி உங்கள் கணவரிடம் விரிவாகவே பேச வேண்டும். ஏனென்றால் அவர் இதை அக்கறையோடுதான் யோசித்திருக்கிறார். புகை அடிக்கும்போது வருவது மிக நுண்ணிய மருந்துத் துளிகள். அவை காற்றில் மிதக்கும் சிறிது நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவின் மேல் பட்டால் அது சாகும். புகை கலைந்ததும் மருந்தின் வேலை முடிந்தது. முட்டைக்கும் புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் அதனால் ஒன்றும் ஆவதில்லை. இன்று மாலை புகை அடித்தால், நாளைக் காலையே டிரம்மிலிருந்து புதிய கொசு கிளம்பிவிடும். அதிலும் டெங்குக் கொசு தோட்டத்தில் அல்லாமல் வீட்டுக்குள் இருட்டில் அமர்ந்திருப்பதால், கதவு ஜன்னல்களை மூடிக்கொண்டு வெளியே அடிக்கும் புகை அதைத் தொடுவதே இல்லை. நகராட்சியினர் டெங்கு நோயாளி இருக்கும் தெருவில் புகை அடிப்பதற்குக் காரணம் வேறு: வைரஸைச் சுமந்துகொண்டு ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் கொசுக்களை அந்த நேரத்தில் குறைப்பது. அது நெருக்கடிக்கான நடவடிக்கை. மாதம் இருமுறை அட்டவணை போட்டு அடிப்பதற்கு அந்த நியாயம் பொருந்தாது.

உங்கள் வீட்டில் இன்னொரு தடையும் இருக்கிறது. அந்த மருந்து பெரும்பாலும் டீசலில் கலந்தே புகையாக்கப்படுகிறது. ஆஸ்துமா உள்ள ஒரு மூத்தவர் இருக்கும் வீட்டில் மாதம் இருமுறை அதைச் சுவாசிக்க வைப்பது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாதது. இலைகளின் மேல் பைரத்ராய்டு என்னும் பூச்சிக்கொல்லி வகை மருந்தைத் தெளித்து வைக்கும் முறையையும் சில நிறுவனங்கள் முன்வைக்கும். அது புகையைவிடச் சில வாரங்கள் கூடுதலாக நிற்கும் என்பது உண்மை. ஆனால் அதே மருந்து தேனீயையும் மீனையும் கொல்லும். உங்கள் முருங்கை பூத்திருக்கும் நாளில் அதன் மேல் பட்டால், காய்ப்புக்குக் காரணமான தேனீக்களை நீங்களே கொன்றவர்களாவீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒப்பந்தம் வேண்டுமென்று அவர் எண்ணினால், கையெழுத்திடுமுன் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டியவை உண்டு. மருந்தின் பெயர் என்ன, பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968-இன்படி அது பதிவு பெற்றதா, பூச்சி ஒழிப்புப் பணிக்கான உரிமம் அந்த நிறுவனத்திடம் இருக்கிறதா, புழு வளரும் இடங்களைத் தேடிப் பார்ப்பதும் பணியில் சேர்ந்ததா என்று கேளுங்கள். மருந்தின் பெயரைச் சொல்ல மறுப்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம். டைகுளோர்வாஸ் என்ற பெயர் வந்தால் உடனே மறுத்துவிடுங்கள். 2020-ஆம் ஆண்டு இறுதியோடு அது இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது.

மற்ற கருவிகளும் செடிகளும்

நீல விளக்குக் கருவியை வாங்க வேண்டாம். கொசு மனிதரைத் தேடி வருவது மூச்சுக்காற்றையும் உடல் மணத்தையும் வெப்பத்தையும் கொண்டு. விளக்கைக் கொண்டு அல்ல. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தார் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுத் தோட்டங்களில் வைத்த இத்தகைய கருவிகளில் விழுந்து செத்த 13,789 பூச்சிகளில் கடிக்கும் ஈ, கொசு இனங்கள் வெறும் 31. மற்றவையெல்லாம் தீங்கற்றவை, பல நமக்கு நன்மை செய்பவை. கேளா ஒலி எழுப்பிக் கொசுவை விரட்டுவதாகச் சொல்லும் கருவிகளும் கைப்பேசிச் செயலிகளும் அப்படியே: பத்துக் கள ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியான மதிப்பாய்வு, அவற்றால் கடி குறையவில்லை என்றே கண்டது.

நொச்சியையும் எலுமிச்சைப்புல்லையும் பிடுங்க வேண்டாம். அவற்றை வேறு பயனுக்காக வைத்திருங்கள். அவற்றிலிருந்து வடித்தெடுத்த எண்ணெயைத் தோலில் பூசினால் சிறிது நேரம் விரட்டும். மண்ணில் நின்றுகொண்டிருக்கும் செடி தன் மணத்தால் தோட்டத்தைக் காப்பதில்லை. கொசுவர்த்திச் சுருளையும் மாமியாரின் அறையில் ஏற்றாதீர்கள். ஒரு சுருள் எரிந்து வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மாலையில் திண்ணையில் உட்கார வேண்டுமானால், கால் பக்கம் பார்த்தபடி ஒரு மேசை விசிறியை ஓடவிடுங்கள். கொசு வலுவாகப் பறக்கும் பூச்சியன்று; விசிறிக் காற்றை எதிர்த்து வந்து அமர அதனால் முடியாது.

அல்லித் தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அது ஆவியாகிப் போகும் வரைதான் புழுவைத் தடுக்கும். அதற்குள் வேரையும் நீரையும் கெடுத்துவிடும். நீரை மாற்றி, ஐந்தாறு கப்பி மீன்களை விட்டால் போதும். அவை புழுக்களைத் தின்று தாமே பெருகிக்கொள்ளும். அவற்றை ஒருபோதும் குளத்திலோ வாய்க்காலிலோ கொண்டுபோய் விடாதீர்கள், அயலூர் மீன்கள் நம் நீர்நிலைகளின் சொந்த மீன்களுக்கும் தவளைக் குஞ்சுகளுக்கும் கேடு செய்பவை. கொசுப்புழுவைத் தின்னும் இன்னொரு அயலூர் மீனான கம்பூசியாவையும் இந்தக் காரணத்துக்காகவே தவிர்க்கச் சொல்வேன்.

மீன் விட முடியாத, காலி செய்யவும் முடியாத தேக்கத்துக்கு பி.டி.ஐ. என்னும் நுண்ணுயிர் மருந்து நல்லது. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்ட இந்த பாக்டீரியாவின் ஒரு வகையைப் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் உருவாக்கித் தந்திருக்கிறது. கொசுப்புழு அதை உண்டதும் குடல் சிதைந்து சாகும். மனிதருக்கும் மீனுக்கும் தேனீக்கும் தீங்கில்லை. ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி இட வேண்டும். சுகாதாரப் பணியாளர்கள் வந்து அபேட் என்னும் புழுக்கொல்லி மருந்தை ஊற்றினால் தடுக்காதீர்கள். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மிகாத அளவில் அதைக் குடிநீரிலும் இடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. அளவு தெரியாமல் நீங்களாக வாங்கி ஊற்றுவதுதான் கூடாது.

பக்கத்து மனை

கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கொசு உற்பத்தியாகும்படி நீரைத் தேங்கவிடுவதற்கு எதிரான விதிகள் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939-இலேயே இருக்கின்றன. சுகாதார அலுவலர் மனைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லலாம். தேங்கிய நீரின் படங்களையும் மனையின் சர்வே எண்ணையும் இணைத்து, உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் முதலமைச்சரின் உதவி மைய எண்ணான 1100-இல் பதியலாம். தெருவின் கழிவுநீர் அந்த மனைக்குள் பாய்கிறது என்பதால் குறை மனைக்காரருடையது மட்டுமன்று. வடிகால் அமைத்துத் தரும் பொறுப்பு உள்ளாட்சிக்கும் இருக்கிறது என்பதை மனுவில் குறிப்பிடுங்கள். நான்கைந்து வீட்டார் சேர்ந்து கையெழுத்திட்டால் மனுவுக்கு வலு கூடும். ஆய்வுக்கு வருபவர் உங்கள் பின்கட்டையும் பார்ப்பார், அதே விதிகள் உங்கள் டிரம்களுக்கும் பொருந்தும் என்பதை நினைவில் வைத்து, முதலில் நம் வீட்டைச் சரிசெய்துவிட்டு மனுக் கொடுப்பது முறை.

ஒப்பந்தத்துக்கு ஒதுக்கிய பணத்தை ஜன்னல் வலைக்கும், மாடித் தொட்டி மூடிக்கும், குழாய் வலைக்கும் செலவிடுங்கள். டிரம்களைக் கழுவத் தொடங்கிய அன்றே கடி நிற்காது. ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் கொசுக்கள் இரண்டு, மூன்று வாரம் உயிரோடிருக்கும். ஆகவே ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதுவரை மகனுக்குக் காலையில் முழுக்கைச் சட்டையும், கணுக்கால் மூடும் காலுறையும், கொசு விரட்டிக் களிம்பும் தேவை. அவனுக்கு ஒருமுறை வந்துவிட்டதால் இனி வராது என்று பள்ளியில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியன்று. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு; வந்துபோன வகைக்கு மட்டுமே நிலைத்த எதிர்ப்பு உண்டாகிறது, வேறொரு வகை தாக்கும்போது நோய் முன்பைவிடக் கடுமையாகவும் கூடும். மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டால் முதல் நாளே மருத்துவரிடம் காட்டி, ஏற்கெனவே டெங்கு வந்தவன் என்பதைச் சொல்லுங்கள். மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரோஃபென் போன்ற எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். காய்ச்சல் இறங்கியதும் ஆபத்து நீங்கிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். இறங்கிய முதல் இரண்டு நாட்களில்தான் நிலைமை மோசமாவது வழக்கம். அந்த நாட்களில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் சில்லிட்டுப் போதல், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.